லேப்டாப் படுத்துவிட்டால் முதலில் கணக்கு, பிறகு இயந்திரம்



முன்பெல்லாம் நம் கடைகளில் சிட்டா, பேரேடு என்று இரண்டு நோட்டுகள் இருக்கும். ராத்திரி கடை கட்டும் முன் அன்றைய வரவு செலவைச் சிட்டாவில் எழுதி முடித்து, பேரேட்டில் ஆள் ஆளாகப் பற்று வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். இன்று அந்த இரண்டும் ஒரு லேப்டாப்புக்குள் போய்விட்டன. பில், ஸ்டாக், பாக்கி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குள்தான். அது ஒரு நாள் காலையில் எழுந்திருக்க மறுத்தால் என்ன செய்வது? இண்டூரில் புளி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

என் கடையில் நடந்தது

2023 மார்ச், புளி சீசன். கடை நிறைய மூட்டை. லேப்டாப் ஒரு வாரமாகவே மதியத்தில் திடீர் திடீரென்று நின்றது. மறுபடி பட்டனை அழுத்தினால் வந்துவிடும், ஆகையால் நான் கவலைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை நீலத் திரை வந்தது. பிறகு கம்பெனிப் பெயர் தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும். அதற்கு மேல் போகவில்லை. கடைசியாகக் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அந்த நகலை வைத்துக்கொண்டு பாக்கிக்காரர்களுக்குப் போன் செய்தேன். பென்னாகரம் பக்கம் ஒரு சில்லறைக் கடைக்காரர், முப்பது வருட வாடிக்கை. “42,000 ரூபாய் பாக்கி நிற்கிறதே” என்றேன். “போன செவ்வாய்க்கிழமை உங்க கையிலதானே குடுத்தேன் அண்ணா” என்றார். எனக்கு நினைவில்லை. அன்று ரசீதும் எழுதிக் கொடுக்கவில்லை. “கணக்கில் இல்லையே” என்று சொல்லிவிட்டேன். “நேத்து வந்த ஆளா அண்ணா நான்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். பிறகு சரக்கு எடுக்க வரவில்லை.

இயந்திரத்தைப் பார்த்த முதல் மெக்கானிக், “ஃபார்மட் பண்ணினால் ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகிறேன்” என்றார். நான் சரி என்று சொல்ல இருந்தேன். நல்லவேளையாக ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒருவன், “ஐயா, ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் கணக்கும் போய்விடும்” என்று தடுத்தான். தருமபுரியில் வேறொருவரிடம் கொடுத்து, உள்ளே இருந்த டிஸ்க்கைத் தனியே கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். கெட்டிருந்தது விண்டோஸ் பாகம் மட்டும்தான். கணக்கு அப்படியே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரவில் 42,000 ரூபாயும் இருந்தது. கடைப் பையன் ஏற்றியிருக்கிறான்.

வியாபாரிகளே, கெட்டது இயந்திரம். ஆனால் உடைந்தது என் வாய்ச்சொல். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: லேப்டாப் நின்றால் முதல் வேலை அதை ஓட வைப்பது அல்ல, உள்ளே இருக்கும் கணக்கைக் காப்பாற்றுவது.

பெரிய இடங்களிலும் நடந்தது

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சென்னை உட்பட நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பழுதைச் சரி செய்ய, பெரும்பாலும் ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியே ‘சேஃப் மோடு’ என்ற முறையில் திறந்து, கெட்ட ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அன்று கையால் எழுதத் தெரிந்ததால்தான் வேலை ஓடியது. நமக்கும் அதே பாடம்தான்.

நோய் எது என்று பாருங்கள்

நின்றுபோன லேப்டாப்பை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை: இது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. பிளக்கில் போன் சார்ஜரை மாட்டி, அங்கே கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அடாப்டரில் விளக்கு இருந்தால் அது எரிகிறதா, ஒயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டை ஏறி நசுங்குவது நம் கடைகளில் சகஜம். பிறகு சார்ஜர், பிரிண்டர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்விட்ச் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி, அரை மணி நேரம் விட்டுப் போட்டுப் பாருங்கள். பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடும்.

2. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு: டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரையின் விளக்குதான் பழுது. கடையில் டி.வி. இருந்தால் எச்.டி.எம்.ஐ. ஒயரில் இணைத்துப் பாருங்கள். டி.வி.யில் படம் வந்தால் கணக்கு பத்திரம், உடனே நகல் எடுத்துவிடலாம். ‘பீப்’ சத்தமோ விளக்குச் சிமிட்டலோ வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது மெக்கானிக்குப் பழுதின் இடத்தைச் சொல்லும் குறிப்பு.

3. கம்பெனிப் பெயர் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை, அல்லது நீலத் திரை வருகிறது: முதலில் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வெளியே மாட்டியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், கம்பெனிப் பெயர் வந்தவுடன் பட்டனை 10 விநாடி அழுத்தி நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று போனால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, புதிதாக வந்த அப்டேட்டை நீக்குவது, ‘சேஃப் மோடு’க்குப் போகும் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ ஆகியவை இருக்கும். சேஃப் மோடில் திறந்துவிட்டால், வேறு எதையும் தொடாமல் முதலில் கணக்கை வெளியே நகல் எடுங்கள்.

செய்யக் கூடாதவை

அதே திரையில் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்று ஒன்று இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தாதீர்கள். ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற வழியில் போனால் கணக்கு போய்விடும். ‘என் ஃபைல்களை வைத்திரு’ என்று கேட்டாலும் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் நீங்கிவிடும். சாஃப்ட்வேரின் சொந்த ஃபோல்டருக்குள் கணக்கு இருந்தால் அதுவும் சேர்ந்து போகலாம்.

உள்ளே இருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அது பழைய வகை ஹார்டு டிஸ்க் கெடுகிற அறிகுறி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லேப்டாப்பின் அடிப்பக்கமோ, விரலால் தேய்க்கும் இடமோ உப்பி மேலே எழும்பினால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.

பூட்டின் சாவி யாரிடம்?

இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். ரிப்பேர் செய்யும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். முதலில் லேப்டாப்பை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் அந்த எண் பொதுவாக இருக்கும். நம்மில் பலர் கடைப் பையனின் ஈமெயிலைக் கொடுத்து அமைத்திருப்போம். அவன் வேலையை விட்டுப் போனால் சாவியும் அவனோடு போய்விட்டது என்று அர்த்தம். டிஸ்க்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினாலும் திறக்காது. இன்றே அந்த எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி, கல்லாவில் வேண்டாம், வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

நம் கடைக்கே உரிய எதிரிகள்

என் லேப்டாப் மதியத்தில் நின்றதற்குக் காரணம், மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் காற்று போகும் வழியை அடைத்து, ஃபேன் சுற்றாமல் சூடேறியதுதான். திடீரென்று பலமுறை அணைந்ததில் விண்டோஸ் பாகமும் கெட்டிருக்கும் என்றார் தருமபுரி மெக்கானிக். லேப்டாப்பைச் சாக்கு மேலேயோ மெத்தை மேலேயோ வைத்தால் அடிப்பக்கக் காற்று நின்றுவிடும். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரம் ஏறி உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கும். ஒரு மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வருடம் ஒரு முறையாவது திறந்து தூசி எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் மாற்றுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்தில் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்ன் அரசாங்கத்தின் போர்ட்டலில் இருக்கும். ஆனால் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பாக்கிப் பட்டியல் எந்தப் போர்ட்டலிலும் இல்லை. அது நம்மிடம் மட்டும்தான்.

லேப்டாப் நின்றிருக்கும்போது ரிட்டர்ன் தேதி வந்தால் பதற வேண்டாம். பில் நகல்கள் இருந்தால் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும், ஆடிட்டர் ஆபீஸிலிருந்தும் தாக்கல் செய்யலாம்.

என் கடையில் இப்போதைய வழக்கம்

1. தினமும் ராத்திரி கடை கட்டும் முன் பென் டிரைவில் நகல். இரண்டு பென் டிரைவ், மாற்றி மாற்றி. நகல் எடுத்தவுடன் கழற்றி, ஒன்று வீட்டுக்குப் போகும். மாட்டியே வைத்தால் வைரஸ் வந்தால் இரண்டும் போய்விடும்.

2. மாதம் ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்போம். திறக்காத நகல் நகலே அல்ல.

3. சனிக்கிழமைதோறும் பாக்கிப் பட்டியல் காகிதத்தில் பிரிண்ட்.

4. ரொக்கம் வாங்கினால் கையெழுத்து ரசீது, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும்.

5. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்து வாங்குவேன். டிஸ்க்கை மாற்றினால் பழையதைத் திரும்ப வாங்கிவிடுவேன். திரும்பி வந்தவுடன் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுவேன்.

கணக்கு கிடைத்த மறுநாள் நான் பஸ் ஏறி அந்தக் கடைக்காரரிடம் போனேன். பிரிண்ட் எடுத்த தாளைக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் சரக்கு எடுக்க வந்தார், இன்றும் வருகிறார். ஆனால் அதற்கு முன் முப்பது வருடத்தில் ஒரு நாளும் ரசீது கேட்காதவர், இப்போது ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.

இதைப் படித்து முடித்தவுடன் உங்கள் கடைசி நகலின் தேதியைப் பாருங்கள். நேற்றைய தேதியாக இல்லாவிட்டால் இன்று ராத்திரி நகல் எடுக்காமல் கடை கட்டாதீர்கள்.