மாலை போட்டால் மட்டும் எப்படி நிறுத்துகிறார்?

குடிநோயாளி இருக்கும் வீட்டுக்கு யோசனை சொல்ல ஊரே வரும். கோயிலில் கயிறு கட்டச் சொல்வார் ஒருவர். சோற்றில் கலக்கப் பொடி வாங்கித் தருவார் இன்னொருவர். பிள்ளை பிறந்தால் திருந்திவிடுவான் என்று காத்திருக்கச் சொல்வார் வேறொருவர். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டியவர் அந்த வீட்டுப் பெண். பலிக்காவிட்டால் பழியும் அவருக்கே. மருத்துவர் என்று ஒருவர் இதில் எங்குமே வருவதில்லை.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகளை 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார் என்கிறது அது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் வீட்டில் மேலே சொன்ன யோசனைகள்தான் மருத்துவம்.

"மாலை போட்டா ஒரு மண்டலம் தொடாம இருக்காரே. மனசு வச்சா முடியும்தானே?"

பல பெண்கள் ஆற்றாமையோடு கேட்கும் கேள்வி இது. சாமிக்காக முடிகிறது, பிள்ளைகளுக்காக முடியாதா என்ற வலி அதற்குள் இருக்கிறது.

தினமும் குடித்தால்தான் குடிநோய் என்பதில்லை. தொட்ட பிறகு அளவோடு நிறுத்திக்கொள்ள முடியாமல் போவதே நோயின் மையம். நாட்கணக்கில், மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, முதல் கட்டிங்கில் மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். ஆக, விரதத்தில் இருந்தார் என்பது அவருக்கு நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

விரத நாட்களில் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியலில் குளியல், இரண்டு வேளை பூஜை, மாலையில் பஜனை. வழக்கமாகக் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் வேறு வேலை இருக்கிறது. கூட இருப்பவர்கள் யாரும் குடிப்பதில்லை. தடுமாறினால் கேட்க குருசாமி இருக்கிறார். நேற்றுவரை பேர் சொல்லித் திட்டிய தெரு இன்று 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. நல்ல மறுவாழ்வு மையங்களும், 1935-இல் அமெரிக்காவில் தொடங்கி நம் ஊர்களிலும் கூட்டம் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் ஏற்படுத்தித் தருவது ஏறத்தாழ இதே சூழலைத்தான். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே இத்தனையும் ஒரேயடியாகக் கழன்றுவிடுகிறது. மனவுறுதி போதவில்லை என்று அவரைத் திட்டுவதைவிட, மாலை கழற்றிய மறுநாளுக்கு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே யோசிப்பது பயன் தரும்.

அவரை மருத்துவரிடம் கூட்டிப்போக மிகப் பொருத்தமான காலமும் விரத காலம்தான். தெளிவாக இருக்கிறார், பேசினால் கேட்கிறார். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, எது ஏற்றது என்று மருத்துவர் முடிவு செய்வார். இப்படி மாத்திரைகள் இருப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

"நிறுத்தணும்னா ஒரே நாள்ல தூக்கிப் போட்டுடணும்"

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால், இதை வையுங்கள். காலையில் கண் விழித்ததும் கை நடுங்குகிறவர், நடுக்கம் அடங்கவே முதல் கிளாஸ் ஊற்றுகிறவர், மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்தாகலாம்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட மூளை ஆண்டுக்கணக்கில் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. மது திடீரென்று நின்றால், கூட்டிய வேகம் மட்டும் தனியாக நிற்கும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு டெலீரியம் டிரெமன்ஸ் என்னும் கடும் மனக்குழப்பம் வரும்.

அந்த இரவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். படுக்கையில் பூச்சி ஊர்வதாகப் போர்வையை உதறிக்கொண்டே இருப்பார். தையல்காரர் காற்றில் துணி தைப்பார், டிரைவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். மருத்துவர் இரண்டு விரல்களைச் சற்றே விலக்கிப் பிடித்து, "இந்த நூல் என்ன கலர்?" என்று கேட்டால், இல்லாத நூலுக்கு நிறம் சொல்வார். வீட்டில் இதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. 108-ஐ அழையுங்கள். லோராசெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டியது: "இவர் நெடுநாள் குடித்தவர், சரியாகச் சாப்பிடுவதில்லை." இவர்கள் உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். கண்கள் ஆடுவதையும் நடை தள்ளாடுவதையும் போதை தெளியவில்லை என்று விட்டுவிட்டால், நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

2020 ஊரடங்கில் கடைகள் ஒரே இரவில் மூடப்பட்டபோது திடீரென்று நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மது வழங்கலாம் என்று பக்கத்து மாநிலமான கேரளம் ஆணையே போட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தடை சரிதான். மது நின்றதும் வரும் விலகல் அறிகுறிகளுக்கு மருந்து மாத்திரைகள் இருக்க, மதுவையே மருந்தாக எழுதுவது சிகிச்சை அல்ல.

"அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடு"

இப்படிக் கலக்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சில வீடுகளில் கலப்பது டைசல்ஃபிராம் மாத்திரை. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை அகற்றவிடாமல் அது தடுக்கும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம்.

தெரிந்தே சாப்பிடுகிறவர் ஜாக்கிரதையாக இருப்பார். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை விளைவு இருக்கும் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவாட்டரை ஊற்றிக்கொள்வார். இதே மாத்திரையை அவர் சம்மதித்து, மனைவியோ அம்மாவோ பார்க்க, தினமும் விழுங்கினால் நல்ல பலன் தருகிறது.

"பீர்தானே குடிக்கிறார்"

650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 40 கிராம் அளவுக்குச் சுத்தமான ஆல்கஹால் உண்டு. 180 மில்லி குவாட்டரில் 60 கிராம். இரண்டு ஸ்ட்ராங் பீர், ஒரு குவாட்டரைத் தாண்டிவிடும்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" – "பொண்டாட்டி சரியில்ல, குடிக்கிறான்"

முதலில் மருந்தாக அழைத்து வரப்படும் பெண், பிறகு நோய்க்குக் காரணமாக்கப்படுகிறாள். இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபணு சார்ந்தது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த வயதில் தொடங்கினார், மது எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது, மனச்சோர்வு போன்ற வேறு நோய் இருக்கிறதா என்பவை மீதி. மருமகள் வைத்த குழம்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. குடிப்பவருக்குப் பெண் தேடும் பெற்றோர் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இது அநியாயம்.

"ஒரு மாசம் உள்ள போட்டா திருந்திடுவான்"

சங்கிலியும் அடியும் சிகிச்சை அல்ல, குற்றம். மது சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. எனவே பதிவு பெற்ற மறுவாழ்வு மையமா, மனநல மருத்துவர் உண்டா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்ட பிறகே அவரைச் சேர்த்துவிடுங்கள்.

நல்ல மையமாகவே இருந்தாலும் ஒரு மாதம் என்பது தொடக்கம்தான். வெளியே வந்த முதல் சில மாதங்களில் பலர் மறுபடி குடித்துவிடுகிறார்கள். சர்க்கரை ஏறினால் மாத்திரையை மாற்றக் கூட்டிப்போகும் குடும்பம், இதற்கு மட்டும் "எல்லாம் வீண்" என்று கைகழுவிவிடுகிறது. மறுபடி குடித்த அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

"அவரா ஒத்துக்கிட்டாதான் எதுவும் செய்ய முடியும்"

அவர் சரி என்று சொல்லும்வரை வீடு காத்திருக்கிறது. ஆபீசுக்கு "காய்ச்சல்" என்று போன் செய்வது மனைவி, கடன்காரருக்குப் பதில் சொல்வதும் அவரே. தம்பி தங்கைக்குச் சோறு போட்டுத் தூங்கவைப்பது பத்து வயதே ஆன மூத்த மகள். பைக் சத்தம் எப்படி வருகிறது என்பதை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கென்றே தனிச் சிகிச்சை உண்டு. குடும்பத்திலிருந்து தொடங்கினால் நோயாளியும் வருவார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிகிச்சைக்கு வரவே மறுத்தவர்களின் உறவினர்கள் 130 பேரை வைத்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. தெளிவாக இருக்கும்போது அன்போடு நெருங்குவது, குடித்திருக்கும்போது விலகி நிற்பது, அவர் சார்பில் பொய் சொல்வதை நிறுத்துவது, தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என ஒரு பிரிவினருக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பிரிவில் 64 சதவீதம் பேரின் வீட்டு நோயாளிகள் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனவே முதல் முறை நீங்கள் மட்டும் போகலாம். எவ்வளவு குடிக்கிறார், காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறார், எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு, மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவுக்குப் போங்கள். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால், போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அடிக்கிறார் என்றால் முதலில் 181.