சீனி வருத்தமும் அரிவாள் செல் பரிசோதனையும்

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பகுதிகளில் குடியேறும் குடும்பங்களுக்கான பாடம் இது.

உங்களுக்கு ஏன் இது?
நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பது 1952இல் கண்டறியப்பட்டது. 1964 ஒப்பந்தத்தின் பின் மலையகத்திலிருந்து சென்ற பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அருகில் வாழ்வதால் இது தொற்றாது. பெற்றோரிடமிருந்து மட்டுமே வரும். அங்கே உங்கள் குடும்பத்தில் திருமண உறவு ஏற்பட்டிருந்தால் கவனியுங்கள். இலங்கையில் தலசீமியாவே அதிகம், அரிவாள் செல் அரிது. நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது நினைவுக்கு வராமல் போகலாம்.

சீனி என்ன செய்கிறது?
இரத்தத்தில் கூடிய சீனி ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை அந்த ஒட்டலைத்தான் அளக்கிறது. அரிவாள் ஈமோகுளோபினிலும் சீனி ஒட்டும். எச்.பி.எல்.சி. இயந்திரம் ஈமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும்போது, சீனி ஒட்டிய அரிவாள் ஈமோகுளோபினைச் சில வேளைகளில் சாதாரண வகையோடு சேர்த்துக் காட்டிவிடும். அதனால் அரிவாள் வகை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். மறுபுறம், அரிவாள் தன்மை உள்ளவருக்குச் சில முறைகளில் எச்.பி.ஏ.1சி. முடிவும் பிழையாகலாம்.

சீனி வருத்தம் யாருக்கும் அரிவாள் தன்மையைக் கொடுக்காது. அறிக்கையை வாசிப்பதைத்தான் அது கடினமாக்குகிறது.

ஏன் முக்கியம்?
பெற்றோர் இருவரும் அரிவாள் தன்மையைக் காவுபவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. காவுபவர் யார், நோயாளி யார் என்பது சரியாகத் தெரியவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை
1. இந்தியாவில் எடுத்த இரத்த அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியையும் எறியாமல் கொண்டுபோங்கள்.
2. இரத்தம் கொடுக்கும்போதே சீனி வருத்தம் இருப்பதையும், எடுக்கும் மருந்துகளையும் சொல்லுங்கள்.
3. கடந்த மூன்று மாதத்துக்குள் இரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு முடிவுகளையும் அது மாற்றிவிடும்.
4. எச்.பி.ஏ.1சி. முடிவும் வீட்டில் பார்க்கும் சீனி அளவும் பொருந்தாவிட்டால், வெறும் வயிற்றுச் சீனிப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.
5. அரிவாள் அறிக்கையில் சந்தேகம் என்றால், வேறொரு முறையில் உறுதிப்படுத்த முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு தாளை மட்டும் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள், கல்யாணப் பேச்சையும் முறிக்காதீர்கள். முதலில் வைத்தியரிடம் பேசுங்கள்.