ஒகேனக்கல்லில் கற்ற பாடம்

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு வீழுமிடம் ஒகேனக்கல். வீழும் நீரின் திவலைகள் புகைபோல் எழுதலின் அப்பெயர் வாய்த்தது. அருவியாட வரும் குடும்பத்தினர் பலர், ஆங்குள்ள வனத்துறையின் முதலைப் பண்ணையையும் கண்டு செல்வர். யானும் என் பெயரனுடன் ஒருநாள் சென்றேன்.

மாணவர்களே! முதலை, இடங்கர், கராம் என முதலையினம் மூன்றினைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகின்றது. இந்நாளில் இந்தியாவில் வாழும் முதலையினங்களும் மூன்றே. நன்னீர் முதலை, உவர்நீர் முதலை, நீண்டு மெலிந்த மூக்குடைய முதலை என்பன அவை. ஒகேனக்கல்லில் காண்பது நன்னீர் முதலை. அப்பழம்பெயர்களைப் பல்லாண்டு பாடஞ் சொன்ன யான், அவ்வுயிரை அருகிருந்து கண்டது அன்றுதான்.

நீர்த்தொட்டியின் கரையில் ஒரு முதலை வாய் பிளந்தவாறு அசையாது கிடந்தது. "தாத்தா! அதற்குக் கோபமா?" என்று சிறுவன் வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அருகில் நின்ற ஒருவர், அதனை அசையச் செய்ய எண்ணிக் கல்லொன்றை எடுத்தார். அவர்தம் மகளும் குனிந்து ஒரு கல்லைத் தேடினாள். பண்ணைக் காவலர் விரைந்து வந்து தடுத்தார். "ஐயா, அது சினத்தால் வாய் திறக்கவில்லை. முதலைக்கு நம்மைப்போல் வியர்க்காது, உடல் வெம்மையை வாய்வழியே தணித்துக்கொள்கிறது" என்றார். அவர் நாணிக் கல்லைக் கீழே போட்டார். மகளும் கையை உதறிக்கொண்டாள்.

காவலர் மேலும் கூறியவை வியப்பூட்டின. தாய்முதலை கரையில் குழி பறித்து முட்டையிட்டு மண்ணால் மூடும். குழியின் வெப்பநிலைக்கேற்பவே குஞ்சுகள் ஆணாகவோ பெண்ணாகவோ அமையும். ஏறக்குறைய இரண்டு திங்களில் அவை முட்டைக்குள்ளிருந்தே குரலெழுப்பும். தாய் குழியை அகழ்ந்து, அவற்றை வாயில் ஏந்திச் சென்று நீரில் விடும். எலும்பை நொறுக்கும் வாயே குஞ்சுகளுக்குத் தொட்டிலும் ஆகின்றது!

இத்தகைய உயிர் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகி வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அரணாயிற்று. 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. மறு ஆண்டில் மாமல்லபுரத்திற்கு அருகே சென்னை முதலைப் பண்ணை தோன்றிற்று. 2022-இல் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது.

எனினும் சட்டம் மட்டும் போதாது. நோயுற்ற மீனையும் இறந்த விலங்கையும் உண்டு ஆற்றைத் தூய்மை செய்யும் உயிர் முதலை. அதனை அறியாதார் அஞ்சிக் கொல்வர். அன்றி, அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாது, தடுத்த துறையில் இறங்கி உயிரிழப்பர். அறிந்தாரோ விலகி நின்று வாழவிடுவர்.

பெற்றோர் கல்லெடுப்பின் பிள்ளையும் கல்லெடுக்கும். பெற்றோர் அமைதியாக நோக்கின் பிள்ளையும் நோக்கும். ஆதலின், குடும்பத்தோடு உயிரினங்களைக் காணச் செல்லுங்கால், கையில் கல்லின்றி, நாவில் கேள்வியோடு செல்லுங்கள்.