தொட்டியின்றி நாற்று விடுதல்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிச் செடியும் ஒரு பூசணிக் கொடியும் உள்ள குடும்பம், கறிகாயின் பொருட்டுச் சந்தையை எதிர்நோக்க வேண்டிய அவசியம் குறையும் என்பதை யாவரும் அறிவர். அறிந்திருந்தும் தோட்டம் போடாதவர்கள் கூறும் காரணங்களில் ஒன்று, நாற்று விடுவதற்கு வேண்டிய பிளாஸ்டிக் தொட்டிகளும் குழித்தட்டுகளும் தம்மிடம் இல்லை என்பதாகும். வாங்கினவர்களோ, மெல்லிய தட்டுகள் வெயிலில் நொறுங்கித் துண்டு துண்டாக மண்ணில் கலந்து கிடப்பதைக் காண்கிறார்கள். இப்பொருள்கள் புழக்கத்திற்கு வருவதற்கு வெகுகாலம் முன்னரே நமது கிராமங்களில் கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டே நடப்பட்டு வந்தன. ஆகையால் நாற்றுக்கு இன்றியமையாதது தொட்டி அன்று. வேர் ஓடுவதற்கு இடமும், மிகுதியான நீர் வடிவதற்கு வழியும், நடும்போது வேர் கெடாதிருக்க ஏற்பாடும் இருந்தால் போதும். இம்மூன்றையும் செலவின்றிப் பெறும் வழியை ஈண்டுக் கூறுவோம்.

1. பயிரின் வேரை அறிதல்

கறிகாய்ப் பயிர்களை வேரின் தன்மையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகை, பிடுங்கி நட்டால் பிழைப்பவை. கத்தரி, தக்காளி, மிளகாய், வெங்காயம், முட்டைக்கோசு ஆகியவை இதைச் சேர்ந்தவை. இவற்றிற்குத் தனித்தனித் தொட்டி தேவையே இல்லை. ஒரு சிறு பாத்தி போதும்.

இரண்டாம் வகை, நாற்றாக வளர்க்கக்கூடியவையாயினும் வேர் அசைந்தால் வாடிப்போகிறவை. பூசணி, சுரை, பாகல், புடல், பீர்க்கு ஆகிய கொடிகள் இத்தகையவை. இவற்றைத் தனித்தனிக் கூட்டில் வளர்த்து, கூட்டோடு நிலத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, நாற்று விடவே கூடாதவை. முள்ளங்கி, காரட் முதலிய கிழங்கினங்களை இடம் மாற்றினால் கிழங்கு கோணலாகவும் கிளைத்தும் போகும். வெண்டை, கொத்தவரை, அவரை ஆகியவற்றை நேரே குழியில் ஊன்றுவதே சிலாக்கியம்.

இவ்விதம் பிரித்துப் பார்த்தால், கூடு வேண்டியவை இரண்டாம் வகைக் கொடிகள் மாத்திரமே என்பது விளங்கும். ஒரு வீட்டிற்கு அவை பத்துக்கு மேல் இரா.

2. பாத்தியும் கூடும்

முதல் வகைக்கு 3 அடி நீளம், 3 அடி அகலம், 6 அங்குல உயரமுள்ள மேட்டுப்பாத்தி அமைக்கவும். அதில் 3 அங்குல இடைவெளியில் கோடு கீறி, கோட்டிற்குள் அங்குலத்திற்கு ஒரு விதை வீதம் இட்டால், 300 நாற்றுக்கு மேல் கிடைக்கும். கொல்லை இல்லாதவர்கள் உடைந்த பானையின் அடிப்பாகத்தையோ, அகன்ற மண்சட்டியையோ, பழைய மூங்கில் கூடையையோ உபயோகிக்கலாம். சட்டியின் அடியில் துளையிட்டு, துளையின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்தால், நீர் வடியும், மண் ஒழுகாது.

இரண்டாம் வகைக்கு வாழைச்சருகு, தேக்கிலை, ஆலிலை ஆகியவற்றால் தைத்த தொன்னைகள் மிகவும் ஏற்றவை. 4 அங்குல ஆழம் இருக்கட்டும். ஈரத்தில் இலை இரண்டு மூன்று வாரங்களில் நைந்துவிடும் என்பது இங்கே குறையன்று. கொடி நாற்றுக்கள் 15 நாட்களில் நிலத்திற்குச் சென்றுவிடுகின்றன. செய்தித்தாளைத் தம்ளரின்மேல் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி, அடியை மடித்தும் கூடு செய்யலாம். பளபளப்பான வர்ணக் காகிதம் வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையை விரும்புகிறவர்கள் கண்கள் உள்ள பாதியை எடுத்துக்கொள்வது நலம். மூன்று கண்களில் ஒன்று மெல்லியதாகையால் ஆணியால் எளிதில் துளைக்கலாம். ஆனால் சிரட்டை மண்ணில் விரைவில் மக்காது. எனவே அதில் தக்காளி, கத்தரி ஆகியவற்றை வளர்த்து, நடும் சமயம் மண்கட்டியோடு கவிழ்த்து எடுப்பதே முறை.

3. மண் கலவை

செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காகச் சலித்துக் கலக்கவும். மக்காத சாணம் சூடேறி இளவேரைக் கருக்கும். தென்னைநார்க் கழிவைச் சேர்க்க விரும்பினால், மக்கியதையோ, பல முறை நீரில் அலசியதையோ மாத்திரம் சேர்க்கலாம். புதிய கழிவில் உள்ள உப்பும் துவர்ப்பும் முளைப்பைத் தடுக்கும். முந்தின பட்டத்தில் நாற்று அழுகிய மண்ணை மறுபடியும் உபயோகிக்கலாகாது.

4. விதையைச் சோதித்தல்

விதைப்பதற்கு முன் 20 விதைகளை எண்ணி, ஈரத்துணியில் முடிந்து, துணி உலராமல் காக்கவும். தக்காளி ஒரு வாரத்தில் முளைவிடும். மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். 16-க்கு மேல் முளைத்தால் விதை நல்லது. 10-க்குக் குறைந்தால் அவ்விதையை நம்பிப் பட்டத்தை இழக்கலாகாது. ஆடிப்பட்டத்தில் ஒரு முறை தவறியவன் மீண்டும் விதை தேடி விதைப்பதற்குள் பருவம் கடந்துவிடும். கடையில் வாங்கிய விதை வர்ணம் பூசியிருந்தால் அது மருந்திட்டது. குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாதபடி வைக்க வேண்டும்.

5. விதைத்தலும் நீர் தெளித்தலும்

விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதுமானது. தக்காளிக்குக் கால் அங்குலம். பூசணிக்கு ஓர் அங்குலம். பாகல், புடல் விதைகளின் தோல் தடித்தது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றவும். விதைத்தபின் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி, பூவாளியால் நீர் தெளிக்கவும். முளை தென்பட்ட அன்றே வைக்கோலை நீக்கிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நெட்டையாகும். இருண்ட தாழ்வாரத்தில் வைத்த சட்டிக்கும் இதே கதிதான். எறும்பு விதையைக் கொண்டுபோகாதிருக்கச் சுற்றிலும் சாம்பல் தூவலாம்.

6. நாற்றழுகல்

நாற்றங்காலில் பெரும் நஷ்டத்தை உண்டாக்குவது நாற்றழுகல் நோய். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போல் சுருங்கி, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். ஈரமான மண்ணில் வாழும் பூஞ்சண இனங்களே இதற்குக் காரணம். நெருக்கி விதைத்தலும், அந்தியில் நீர் பெருக்குதலும், நீர் வடியாத பாத்திரமும் அதை வளர்க்கும். ஆகவே காலையில் மாத்திரம், மேல்மண் உலர்ந்தபின், அளவாகத் தெளிக்கவும். விதைக்கு முன்பாக டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சணப் பொடியை, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலப்பது நல்ல காப்பு. நோய் கண்ட இடத்து நாற்றை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, ஓரிரு நாள் நீரை நிறுத்திக் காற்றோட்டம் உண்டாக்கினால், எஞ்சியவற்றில் பலவற்றைக் காப்பாற்றலாம்.

7. எடுத்து நடுதல்

தக்காளி 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 40 நாட்கள் அளவிலும் நடவுக்கு வரும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைச் சிறிது குறைத்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். எடுக்கும் நாள் காலையில் பாத்தியை நனைத்து, மாலையில் நடுக. கொடிகளைத் தொன்னையோடு குழியில் இறக்கும்போது, இலை இன்னும் விறைப்பாக இருந்தால் அடியைக் கத்தியால் கீறிவிடவும். காகிதக் கூட்டின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது திரிபோல் ஈரத்தை மேலே இழுத்து, வேரை உலர்த்திவிடும். அப்பகுதியைக் கிழித்தெறிந்து மண்ணை அணைக்கவும்.

8. சங்கத்தின் கடமை

ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் 300 விதைகள் இருக்கின்றன. 10 கிராம் பொட்டலம் ஒன்றை ஒருவர் வாங்கினால், பெரும்பகுதி பெட்டியில் கிடந்து முளைப்பாற்றலை இழக்கும். அதையே சங்கம் வாங்கி, கிணற்றடியில் நிலமுள்ள ஓர் அங்கத்தினரிடம் ஒப்படைத்து நாற்று விட்டால், பாதி வீணானாலும் 1,500 நாற்று மிஞ்சும். வீட்டிற்கு 15 வீதம் 100 வீடுகளுக்குப் போதும். நிலமில்லாத அங்கத்தினர் தொன்னை தைத்துக் கொடுத்துத் தமது பங்கைப் பெறலாம். விதை வாங்கும்போது வீரிய ஒட்டு ரகமா, சாதாரண ரகமா என்று விசாரித்து வாங்குக. ஒட்டு ரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப்போல் வருவதில்லை. மறு வருஷமும் விலை கொடுத்தே வாங்க நேரும். சாதாரண ரகத்திலோ, நல்ல செடியில் பழுத்த பழத்தின் விதையை உலர்த்திச் சங்கத்திலேயே சேமித்து வைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது கிராமத்தில் பயிராகும் கறிகாய்களில் எவை பிடுங்கி நடத்தக்கவை? எவை கூட்டோடு வைக்கத்தக்கவை?

2. சென்ற பட்டத்தில் எத்தனை வீடுகளில் நாற்று அழுகிற்று? நீர் எவ்வேளையில் விடப்பட்டது?

3. பொது நாற்றங்காலுக்கு நிலமும் நீரும் கொடுக்க முன்வருவோர் யார்? அவருக்குச் சங்கம் எத்தனை நாற்று கைம்மாறாக அளிக்கலாம்?