கலங்கல் பார்த்தவன் கொடைக்கானல் போகும்போது

அன்புத் தம்பிக்கு,

உங்கள் பள்ளிச் சுற்றுலா இந்த முறை கொடைக்கானலுக்காம். மிக்க மகிழ்ச்சி. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் பஸ், வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நிற்கும். எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். நீ மட்டும் கொஞ்சம் மேலே யோசி. அங்கே பாறையில் விழுவது கொடைக்கானல் ஏரியின் உபரிநீர். மழைக்காலத்தில் நம் மதுராந்தகம் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து கிளியாற்றில் இறங்குகிறதே, அதே கணக்குதான். உபரிநீர் வருகிறதென்றால் மேலே ஒரு கரை இருக்கிறது. அதைப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

1863இல் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். நம் ஏரி நெல்லுக்காக. அது வெள்ளைக்காரர்களின் படகுக்காக. நம் ஊரிலும் ஒரு கலெக்டர் உண்டு. 1790களில் ஏரிக்கரையைப் பலப்படுத்திய லயனல் பிளேஸின் பெயரை ஏரிகாத்த ராமர் கோயிலில், தாயார் சன்னதிக் கல்வெட்டில் இன்றும் படிக்கலாம். கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் பெயர் இரண்டு ஊரிலும் இல்லை. வரலாறு படிக்கிறவன் இந்தக் குறையை மறக்கவே கூடாது.

1845இல் வெயிலும் நோயும் தாங்காமல் மதுரையிலிருந்து மலையேறிய அமெரிக்கப் பாதிரிமார்களிடமிருந்துதான் கொடைக்கானலின் கதையை வழக்கமாக ஆரம்பிப்பார்கள். அது பாதிக் கதை. பளியர் என்ற பழங்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள். பழங்கால மனிதர்கள் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி எழுப்பிய கற்திட்டைகள் பழனி மலையில் பல இடங்களில் நிற்கின்றன. ஆங்லேட் என்ற பாதிரியார் அவற்றைத் தேடி ஆராய்ந்து, நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது.

சூரிய ஆய்வகத்தையும் விட்டுவிடாதே. தாது வருஷப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்கம் யோசித்தது. 1899இல் அந்த ஆய்வகம் மலைமேல் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சமவெளியின் பசி மலையில் தொலைநோக்கியானது! 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகெங்கும் வானியல் படிப்பவர்கள் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அதே மலையிலுள்ள செண்பகனூர் மியூசியமும் பார்க்க வேண்டியது; அது 1895இல் தொடங்கியது. அது திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்து, படகுச் சவாரியில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாவது அங்கே கூட்டிப்போகும்படி உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
அண்ணன்
மதுராந்தகம்