மணியைத் தொட்ட சிறுமியும் மதுரைப் பெண்ணும்

தென்காசியிலிருந்து பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவை அடுத்துக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. சென்ற ஓண விடுமுறையில் ஒரு நாள் மழை விடாமல் பெய்தது. வீட்டில் அனைவரும் கூடி ஒரு சித்திரப் படம் பார்த்தோம். படம் முடிந்ததும் பதினொரு வயதுத் தங்கை என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அவள மாதிரி குதிக்க எத்தன நாளாகும்?" பௌதிகத்தில் முதுகலை படிக்கும் அண்ணனுக்கு உடனே விடை தெரியவில்லை. அதைத் தேடிய கதையே இக்கட்டுரை.

படத்தின் பெயர் 'பாலரீனா'. 2016 இல் பிரஞ்சு நாட்டாரும் கனடா நாட்டாரும் சேர்ந்து உருவாக்கியது. பிரிட்டனி நாட்டுப்புறத்தின் அநாதை விடுதி ஒன்றில் வளரும் ஃபெலிசி என்ற சிறுமி, பாலே நடனக்காரியாக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு தோழன் விக்டருடன் பாரிஸ் நகருக்கு ஓடிவருகிறாள். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு வந்த கடிதத்தைத் தனதாக்கிக்கொண்டு ஆபராவின் நடனப் பள்ளியில் நுழைகிறாள். முன்னாளில் நடனமாடியவளும் இந்நாளில் தரை துடைப்பவளுமான ஓடெட் அவளைப் பழக்குகிறாள். உயரத்தில் தொங்கும் மணியை எட்டித் தொடவேண்டும். கீழே தேங்கிக் கிடக்கும் நீர் தெறிக்காமல் இறங்கவேண்டும். அதுவே பாடம். சில நாட்களில் சிறுமி வென்றுவிடுகிறாள்!

படம் பொய் சொல்கிறது என்று குறைகூற நான் வரவில்லை. கதை 1880களில் நடக்கிறது. அதில் ஐஃபல் கோபுரமும் சுதந்திரதேவி சிலையும் ஒரே காலத்தில் அரைகுறையாக எழுந்து நிற்கின்றன. உண்மையில் சிலை 1885 இலேயே பெட்டிகளில் ஏறி அமெரிக்கா சென்றுவிட்டது. கோபுரத்தின் வேலை தொடங்கியதோ 1887 இல். சிறுமி ஆடத் துடிக்கும் 'நட்கிராக்கர்' நாடகம் ருஷ்யாவில் முதன்முதல் அரங்கேறியது 1892 இல்தான். குழந்தைகள் கதைக்கு இவையெல்லாம் பொறுக்கத்தக்க பிழைகளே. அதிலும் ஆட்டத்தில் அவர்கள் அலட்சியம் காட்டவில்லை. பாரிஸ் ஆபராவின் புகழ்பெற்ற நடனமணி ஒரெலி டியூபோனும் அவருடைய சக கலைஞர் ஒருவரும் அடவுகளை அமைத்துக் கொடுத்தனர். ஆனால் அடவைத் திரையில் ஆடுவது எலும்பும் தசையும் இல்லாத சித்திரம். கோடு களைப்பதில்லை. கோட்டுக்குக் கணுக்கால் சுளுக்குவதுமில்லை. என் தங்கைக்கோ எலும்பு உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடி, அதாவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், உயரத்திலிருந்து ஒருத்தி தரையில் இறங்குகிறாள். முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் அவள் உடல் 3 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும். அப்போது தரை அவளைத் திருப்பித் தாக்கும் சராசரி விசை அவள் எடையைப்போல் 11 மடங்கு. முழங்காலும் கணுக்காலும் மெல்ல மடங்கி 15 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றாலோ, அதே வீழ்ச்சிக்கு 3 மடங்குதான். ஓடெட் கேட்ட 'தெறிக்காத நீர்' இந்த வேறுபாடே அன்றி வேறில்லை. தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். உடலுக்கு அது இயல்பாகப் படிவதற்கு ஆண்டுகள் வேண்டும். கால்விரல் நுனியில் நிற்பது அதனினும் கடினம். அதற்கான காலணியின் முனை, துணியும் தாளும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியது. உடலின் முழுப் பாரமும் அந்தச் சிறு வட்டத்தில் இறங்கும். பாத எலும்புகள் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், போதிய தசைவலு இல்லாமல் அதில் ஏறுவது ஆபத்து. ஆகவேதான் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின், பதினொன்று பன்னிரண்டு வயதளவில் அக்காலணியை முதன்முதலாகத் தருவது பொது வழக்கம்.

சுழற்சியில் மூளைக்கும் பங்குண்டு. நாம் நாலு சுற்றுச் சுற்றினால் வீடே சுற்றுகிறது. பாலே ஆடுவோர் தலையை ஒரு புள்ளியில் நிறுத்திச் சட்டெனத் திருப்பும் தந்திரத்தைக் கற்பார்கள். அது மட்டுமன்று. 2013 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், 29 பாலே நடனப் பெண்களையும் 20 துடுப்புப் படகுப் பெண்களையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பின் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதி, நடனமாடுவோரிடம் சிறுத்திருந்தது. பழக்கம் மூளையின் வடிவத்தில் பதிந்திருக்கிறது! இது நாட்கணக்கில் நடக்கக்கூடியதா?

இனி, மெய்யான ஃபெலிசி ஒருத்தியைக் காண்போம். ருஷ்யாவில் துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கு 1881 இல் பிறந்தவர் அன்னா பாவ்லோவா. சிறு வயதில் 'உறங்கும் அழகி' பாலேயைப் பார்த்து, தாமும் ஆடுவதென்று உறுதி கொண்டார். அரசாங்க நடனப் பள்ளி முதலில் அவரைச் சேர்க்கவில்லை. 1891 இல் சேர்த்தது. தேறி வெளிவந்தது 1899 இல். எட்டு ஆண்டுகள்! படத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள தூரம் அதுதான். பின்னர் உலகெங்கும் கப்பலேறிச் சென்று ஆடிய அந்த அம்மையாரே நம் கதைக்கு ஒரு மதுரைப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பதினாறு வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தவர். 1928 இல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் உடன் பயணிகளாக அமைந்தனர். நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவில் முதன்மை நடனமணியாக இருந்த கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயிலத் தொடங்கினார். வயது இருபத்து நான்குக்கு மேல்! பத்தில் தொடங்கவேண்டிய கல்வி அது. உங்கள் நாட்டு மரபில் உள்ள ஆடலைத் தேடுங்கள் என்று பாவ்லோவாவே அவருக்கு அறிவுரை கூறியதாக வரலாறு.

தேடினார். 1933 இல் சென்னை சங்கீத வித்வத் சபையில் பந்தநல்லூர்ச் சகோதரிகளின் சதிராட்டத்தைக் கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். பிள்ளையவர்கள் தஞ்சை நால்வரின் வழிவந்தவர். அந்நால்வருள் இளையவரான வடிவேலுவுக்கு நம் திருவனந்தபுரத்தில் ஒரு தனி இடமுண்டு. சுவாதித் திருநாள் மன்னரின் அவைக்கு வந்து, 1834 இல் அவரிடம் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாகப் பெற்றவர் அவர். கோட்டைக்குள் குதிரமாளிகையைக் கடந்து செல்லும்போதெல்லாம், வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்தவர்களுள் நாங்கள் முதல்வர் அல்லர் என்று எண்ணிக்கொள்வேன்.

1935 டிசம்பரில், அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி மேடையேறினார். குலவழக்கமாக ஆடிவந்த குடும்பங்களைச் சேராத ஒரு பெண் சதிர் ஆடுவதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது. மறுபுறம், தேவதாசிகளின் கலையை அவர் 'தூய்மை' செய்யப் புகுந்தது அக்கலையையே குறைத்தது என்பது பாலசரஸ்வதி அம்மையாரைப் போன்றோரின் கருத்து. அதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். அடவைக் காத்து வைத்திருந்தவர்கள் கௌரி அம்மாளைப் போன்றோர். புகழின் பெரும்பகுதியோ வேறிடம் சென்றது. இதைச் சொல்வதால் ருக்மிணி தேவியின் உழைப்புக் குறைந்துவிடாது.

கற்ற பாலே வீண்போயிற்றா? இல்லை என்றே தோன்றுகிறது. 1936 இல் அவர் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் மேடையொழுங்கு, ஒளியமைப்பு, உடை, பலர் கூடி ஆடும் நாட்டிய நாடகம் ஆகியவற்றில் மேனாட்டு அரங்கின் பாடம் தெரிகிறது. 1944 இல் அவர் 'குற்றாலக் குறவஞ்சி'யை நாட்டிய நாடகமாக்கினார். எங்கள் ஊர் அருவி அவர் மேடையில் பாய்ந்தது என்பதில் எனக்குச் சிறு கர்வம் உண்டு. தென்காசிக்காரன் வேறு எப்படி இருப்பான்?

பாவ்லோவாவின் கை பட்ட இன்னொருவர் உதயசங்கர். 1923 இல் லண்டனில் அவருடன் கண்ணனாக ஆடியவர். அவர் சென்னையில் எடுத்து 1948 இல் வெளிவந்த 'கல்பனா' படத்தில், நம் பூஜப்புரையில் பிறந்த பத்மினி ஆடியிருக்கிறார். பாலேக்கும் இவ்வூருக்கும் தூரம் நாம் நினைக்குமளவு இல்லை.

பரதத்தைப் பாலேயினும் எளிது என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். பாலே மண்ணை விட்டு எழ முயல்கிறது. பரதம் அரைமண்டியில் தாழ்ந்து மண்ணோடு பேசுகிறது. தாழ்ந்து நிற்கையில் உடலின் புவியீர்ப்பு மையமும் தாழ்கிறது. தட்டும் அடிக்கு உறுதி கிடைக்கிறது. விரல் நுனிக் காலணி இங்கே இல்லை என்பதால், காலங்கடந்து வருபவருக்கும் ஓரளவு கதவு திறந்திருக்கிறது. ஆயினும் நட்டுவனார்கள் ஐந்து, ஏழு வயதிலேயே பிள்ளைகளைத் தொடங்கி வைத்தது காரணமின்றி அன்று. கால் நடுங்காமல் அரைமண்டியில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நான் நின்று பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு தங்கையிடம் சென்றேன். "நாள் கணக்கில்லம்மா, வருஷக் கணக்கு. ஏழெட்டு வருஷமாவது ஆகும்" என்றேன். மதுரைப் பெண்ணின் கதையையும் சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப எனக்குப் பத்தொம்பதாயிரும். அந்த அம்மா மேடை ஏறுறப்ப அவங்களுக்கு எத்தன வயசு?"

"முப்பத்தொன்று."

"அப்ப நிறைய நேரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். சற்று நேரத்தில் கூரை 'தொம்' என்று அதிர்ந்தது. "முழங்காலை மடக்கு!" என்று கீழிருந்து கூவினேன். அடுத்த முறை ஓசை கொஞ்சம் குறைந்திருந்தது.