கடல் தெரியாத ஊரில் கடற்காற்று

“எளாவூரில் ஏது கடல்? மெரினா மாதிரி மணல் இருந்தால் சாயங்காலம் காலாற நடக்கலாம்.” இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. ஊரிலிருந்து கிழக்கே போனால் முதலில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய சதுப்பு, பிறகு ஏரி, அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவின் நீண்ட மணல்திட்டு. வங்கக் கடல் அதற்குப் பின்னால். ஆனால் மாலை நடைக்கு அலை கண்ணில் பட வேண்டியதில்லை, காற்று வந்தால் போதும். அது வருகிறது.

வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும், கடல்நீர் மெதுவாகத்தான் சூடேறும். தரைமேல் உள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்பக்கத்துக் குளிர்ந்த காற்று நுழையும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கரையேறும் இந்தக் காற்று பிற்பகலுக்குள் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். தட்டையான ஏரியும் உவர்நிலமும் அதைத் தடுப்பதில்லை. மேல்காற்று பலமாக வீசும் மே, ஜூன் நாள்களில் அது பிந்தும், சில நாள் வராமலே போகும். சென்னை வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். மற்ற நாள்களில் ஐந்தரை மணிக்கு மேல் கிழக்குப் பார்த்து நடந்தால் கழுத்து வியர்வை காய்வது தெரியும். இரவு முற்றித் தரை குளிர்ந்ததும் காற்று திசை மாறிக் கடலுக்குப் போய்விடும்.

“நல்ல காற்று என்றால் விடியற்காலைக் காற்றுதான்” என்பது அடுத்த நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களில் இது பெரும்பாலும் பொய். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிட, அதற்கு மேலே உள்ள வெப்பமான காற்று மூடி போட்டது போல நிற்கும். ஆலைப் புகை, லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அதற்கு அடியில் தேங்கும். வெயில் ஏறித் தரை சுட்ட பிறகே அது கலைந்து மேலே போகும். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மாலையில் புகையே இல்லை என்று சொல்லவில்லை, அப்போது காற்று ஓடுகிறது, கலக்கிறது. புகைக்கூண்டின் புகை நம் பாதைமேல் சாய்ந்தால் வேறு பாதையில் போகலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் நம்பிக்கை வேறு. “எட்டு மணி நேரம் ஷிப்டில் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு நடை எதற்கு? உடம்புக்கு அதுவே போதும்.” போதாது. வேலையிடத்தில் நிற்பதும் தூக்குவதும் இதயத்துக்கு நடைப்பயிற்சி தரும் பலனைத் தருவதில்லை. 2018இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலுழைப்பு மிகுந்த வேலையில் இருந்த ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு, உழைப்பு குறைந்த வேலையில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாகவே தெரிந்தது. ஒரே இடத்தில் நின்று இறுகும் கால், மணிக்கணக்கில் இறங்காத ரத்த அழுத்தம், இடையில் ஓய்வின்மை ஆகியவை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வேலை முடிந்து தன் இஷ்டத்துக்கு, தன் வேகத்தில், கையை வீசி நடப்பது உடம்புக்கு வேறு விஷயம். பகல் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளிக்கு அந்த அரைமணி நேரம் உரிமையாகவே வேண்டும். அவர் வீட்டுக்கு வந்ததும் “இன்னும் எங்கே சுத்தப் போறே?” என்று கேட்காதீர்கள், கூடவே கிளம்புங்கள்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற கணக்கும் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்தது அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் செய்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. பாட்டி தெருமுனைவரை போய் வருவதும் கணக்கில் சேரும்.

சாப்பிட்டதும் நடக்கக்கூடாது என்பதும் தவறு. ஓட வேண்டாம், மெதுவாக நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அது திடீரென ஏறாது. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏரிப்பக்கம் போகும்போது சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தால், ஆலைக்கழிவு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயுவுக்கும் அதே வாடைதான். மழைக்காலத்துக்குப் பின் அந்தச் சேற்றுநீரில்தான் பூநாரைகள் இரை தேடும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. “இடப்பக்கமாகவே நட” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். நடைபாதை இல்லாத சாலையில் அப்படி நடந்தால் வண்டிகள் நம் முதுகுக்குப் பின்னால் வரும். வலது ஓரமாக நடந்தால் எதிரே வரும் லாரியைப் பார்த்து ஒதுங்கலாம். கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு உள்தெருக்களில் நடப்பது இன்னும் நல்லது. இருட்டியபின் வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும்.